பூச்சியம் தசம் ஒன்று எட்டு

ஓல்ட்டனில் கார்த்திகை.
ஆரே ஆற்றின் மூடுபனி நிலவறைச் சன்னல்வரை வந்து
உள்ளே எட்டிப் பார்க்கிறது.
துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில்
உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும் வைக்கவென்று
எங்கள் வீட்டிலக்கம் எழுதித் தந்த மரச்சட்டக் கூண்டில்
எண்பது கிலோ லேத் ஒன்றை வைத்திருக்கிறேன்.

அதை இறக்கிய அன்று சற்குணனுக்கு இடுப்புப் பிடித்தது.
மூன்று கிழமை கதிரையில் இருந்தபடியே நித்திரை.
'கைபிடியைச் சுத்தினா வேலை செய்யுதுதானே,
பிறகேன் இதுக்குக் கொம்பியூட்டர்?'
பதில் இருந்தது.
அந்நேரம் என் வாயில் இரண்டு திருகாணிகளும் இருந்தன.

இரவில் நான் கூட்டித் துடைக்கும் தொழிற்சாலையில்
இதன் பெரிய அண்ணன்மார் பதினாறு பேர்.
ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிக் கதவு.
வெளிப்பக்கம் மட்டும் என்னுடையது:
கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு.
உள்ளே ஆளில்லாமல் இரும்பு உரிகிறது,
அப்பிள் தோல்போல, அறாத ஒரே சுருளாக.
பொத்தான்களைத் துடைக்கலாம், அமத்தக் கூடாது
என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
ஏழு வருசமாகத் துடைக்கிறேன்.
எது எந்தப் பொத்தான் என்று துணிக்கே தெரியும்.

கைபிடிகளைக் கழற்றினேன்.
அவை இருந்த இடத்தில் அலுமினியத் தகடு, தகட்டில் மோட்டார்.
ஒரு துடிப்புக்கு ஓர் எட்டு வைக்கும்,
இருநூறு எட்டுக்கு ஒரு சுற்று.
சொன்னால் சொன்னதுதான்.
அகலத் துளையுள்ள பழைய கணினி தேடி
ஆராவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
இருபது பிராங்குக்கு ஒன்று கிடைத்தது,
விசைப்பலகையில் 'இசட்' மட்டும் இல்லை.
இசட் இல்லாமல் லேத் நீளவாக்கில் ஓரடி நகராது.
பல்குத்தும் குச்சியால் குத்திக்கொள்கிறேன்.

முதல் துண்டு, பன்னிரண்டு மில்லிமீட்டர் பித்தளை.
எட்டாக மெலியவேண்டும். நாலு என்று எழுதினேன்.
நான் சொன்னது ஆரம்.
அதற்குக் கேட்டது விட்டம்.
கத்தி முறிந்து ஒரு துண்டு சுவரில் பட்டது,
பித்தளைப் பொடி மரச்சட்டங்களைத் தாண்டிப் போய்
திருமதி ஆம்ஸ்டுட்ஸின் துவாய்களில் இறங்கியது.
மறுநாள் கதவில் ஒரு கடிதம்:
'அன்புள்ள அயலவருக்கு' என்று தொடங்கி
மினுங்கும் துவாய்கள் தனக்கு வேண்டாம் என்று முடித்திருந்தார்.
ஆரமும் விட்டமும்,
கலியாணம் கட்டிய புதிதில் நாங்களும் இப்படித்தான்.

பிறகு அந்த வெறுமை.
போகும்போது எல்லாம் சரி.
திரும்பச் சொன்னால் மோட்டார் சுற்றுகிறது,
நீளத் திருகும் சுற்றுகிறது,
கத்தி ஏறிய வண்டி மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.
அளவுமானியின் முள் என்னையே பார்க்கிறது.
திருகுக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு சோம்பல்:
பூச்சியம் தசம் ஒன்று எட்டு.
நாலு முறை அளந்தேன், மாறவில்லை.
புதுத் திருகு முந்நூறு பிராங்க்.
அதனால் எண்ணைக் கணினியில் எழுதிவைத்தேன்.
இப்போது ஒவ்வொரு திரும்பலிலும்
'டுக்' என்று தனக்குள் ஒருமுறை அசைந்து
அந்த வெறுமையைத் தாண்டிவிட்டுத்தான் உலோகத்தைத் தொடுகிறது.
குறை போகவில்லை,
கணக்கில் சேர்ந்துவிட்டது.

நேற்று எங்கள் துவைக்கும் முறை.
சற்குணன் கூடையோடு வந்தார்,
பார்க்காதவர்போலப் பார்த்தார்.
'வாங்கோவன், ஓர் எட்டு' என்றேன்.
நின்றார்.
கூடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.
நான் அவசரப்படுத்தவில்லை.

பிறகு வந்தார்.
'அந்தப் பச்சையை அமத்துங்கோ.'
அமத்தினார்.
பித்தளை உரியத் தொடங்கியது. பக்கத்து அறையில்
எங்கள் போர்வைகள் சோப்பு நுரைக்குள் உருண்டன.

அளந்தால் ஏழு தசம் ஒன்பது ஏழு.
பரவாயில்லை, என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
மோட்டார் நின்ற பிறகும் அவர் உள்ளங்கை
சிவப்புக் காளான் பொத்தானுக்கு மேலே
ஒரு நூல் இடைவெளியில் நின்றது,
தொடாமல்.